டேட்டன் நகரத்துப் பாடப்புத்தகம்

மரபின் பக்கம் நின்றவர்கள் – 9

சென்ற இதழில் நெதர்லாந்தில் இருந்தோம். ஆபிரகாம் கைப்பர் முன்னின்று நடத்திய பள்ளிப் போராட்டம், சமயப் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரே அளவு அரசுப் பணம் என்ற உடன்பாட்டில் 1917-இல் முடிந்ததைப் பார்த்தோம். அமெரிக்காவில் அப்படி ஓர் உடன்பாட்டுக்கு வழி பிறக்கவில்லை. வரிப்பணம் பொதுப்பள்ளிக்குத்தான் போனது. நம்பிக்கையில் ஊறிய வீட்டுப் பிள்ளையும் அந்த நம்பிக்கையை விட்டு விலகிய வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. அந்த வகுப்பில் என்ன பாடம் நடக்கலாம், அதை யார் தீர்மானிப்பது என்ற சண்டை பல ஆண்டுகளாகப் புகைந்து, 1925 கோடையில் டென்னஸி மாநிலத்தின் டேட்டனில் வெடித்தது.

டேட்டன் அப்போது சுமார் 1,800 பேர் வாழ்ந்த சிற்றூர். நிலக்கரியும் இரும்பும் கொடுத்த வாழ்வு போய், ஊர் களையிழந்து கிடந்தது. மே 5-ஆம் தேதி ஊர்ப் பிரமுகர்கள் சிலர் ராபின்சனின் மருந்துக்கடையில் கூடினார்கள். அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம் சட்டனூகா நாளிதழில் ஓர் அறிவிப்பு கொடுத்திருந்தது. பரிணாமக் கொள்கையைக் கற்பிக்கத் தடை போட்ட புதிய சட்டத்தை நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்க எந்த ஆசிரியராவது முன்வந்தால் செலவைத் தாங்கள் ஏற்பதாக அதில் இருந்தது. நிலக்கரிக் கம்பெனி மேலாளர் ஜார்ஜ் ராப்பல்யே அந்தத் தாளோடு வந்திருந்தார். வழக்கு நம் ஊரில் நடந்தால் நாடே இங்கே திரும்பிப் பார்க்கும் என்பது அவர் வாதம்.

டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த ஜான் ஸ்கோப்ஸை ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். 24 வயது இளைஞர். பள்ளியில் விளையாட்டுப் பயிற்சியாளர், கணக்கும் அறிவியலும் எடுப்பவர். உயிரியல் ஆசிரியர் வராத நாட்களில் அந்த வகுப்பையும் பார்த்துக்கொண்டவர். பரிணாமத்தைத் தொடாமல் உயிரியல் நடத்த முடியாது என்று சொல்லி, கடை அலமாரியிலிருந்தே ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். மருந்துக்கடைக்காரர் ராபின்சன்தான் மாவட்டக் கல்விக் குழுவின் தலைவர். பாடப்புத்தகங்களும் அவர் கடையில்தான் விற்பனையாயின. அந்தப் புத்தகம் ஜார்ஜ் வில்லியம் ஹண்டர் எழுதி 1914-இல் வெளியான ‘எ சிவிக் பயாலஜி’. மாநில அரசு அங்கீகரித்த பாடநூல் அது. அதை உள்ளபடி நடத்தும் ஆசிரியர் சட்டத்தை மீறியவர் ஆகிவிடும் நிலையை அதே மாநில அரசு உண்டாக்கியிருந்தது. வழக்குக்கு ஆளாகச் சம்மதமா என்று கேட்டார்கள்; ஸ்கோப்ஸ் சம்மதித்தார்.

சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஜான் வாஷிங்டன் பட்லர் என்ற விவசாயி. மேக்கன் மாவட்டத்திலிருந்து மாநிலச் சட்டசபைக்கு வந்தவர், பழைய வழி பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். பல்கலைக்கழகம் போய்த் திரும்பிய ஒரு பெண் கடவுள் நம்பிக்கையை இழந்துவிட்டதாகப் போதகர் ஒருவர் சொல்லக் கேட்டது அவர் மனத்தை உறுத்தியதாகச் சொல்வார்கள். மசோதா கீழவையில் 71-க்கு 5, மேலவையில் 24-க்கு 6 என்ற வாக்குகளில் நிறைவேறியது. ஆளுநர் ஆஸ்டின் பே மார்ச் 21-ஆம் தேதி கையெழுத்திட்டார். பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில், பைபிள் கூறும் மனிதப் படைப்பை மறுத்து, மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து வந்தவன் என்று கற்பித்தால் 100 முதல் 500 டாலர் வரை அபராதம். செடி, பூச்சி, பறவை பற்றிச் சட்டத்துக்குக் கவலையில்லை. மனிதனைப் பற்றித்தான் அதன் பேச்செல்லாம்.

ஆளுநர் பே கல்வியின் எதிரி அல்லர். அதே 1925-இல் மாநிலம் முழுவதும் எட்டு மாதப் பள்ளி ஆண்டைக் கொண்டுவந்து, அதற்குப் புகையிலை வரியிலிருந்து பணம் ஒதுக்கியவர் அவர்தான். அந்தக் கல்விச் சீர்திருத்தம் நிறைவேறக் கிராமத்து உறுப்பினர்களின் ஆதரவு தேவைப்பட்டது. பட்லர் சட்டத்தை யாரும் அமல்படுத்தப்போவதில்லை என்று அவர் கருதினார். அதை எழுத்திலும் சொன்னார்.

இந்தச் சட்டம் ஏன் 1885-இல் வராமல் 1925-இல் வந்தது? டார்வினின் முதல் நூல் 1859-லேயே வந்துவிட்டது. அமெரிக்கக் கல்லூரிகள் அவர் கொள்கையை எப்போதோ ஏற்றுக்கொண்டிருந்தன. ஆனால் அது வசதியுள்ள சிலர் போகிற கல்லூரியோடு நின்றிருந்தது. 1913-இல் டென்னஸியில் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. 1910-இல் பத்தாயிரத்துக்கும் குறைவாக இருந்த அந்த மாநிலத்து உயர்நிலைப்பள்ளி மாணவர் தொகை, 1925-இல் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. அதுவரை உயிரியல் என்ற சொல்லே எட்டாத வீடுகளுக்குள் பாடப்புத்தகம் நுழைந்தது. பிள்ளையை அனுப்பாவிட்டால் குற்றம். அனுப்பினால், தான் ஞாயிறுதோறும் சொல்லிக் கொடுப்பதை வெள்ளிக்கிழமை ஆசிரியர் மறுக்கிறார். இந்த நெருக்கடியில் நின்ற தகப்பனை அறிவில்லாதவன் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டாயப்படுத்துகிற அரசுக்கு, எதைக் கற்பிக்கிறோம் என்று பெற்றோருக்கு விளக்கும் கடமையும் உண்டு.

அந்தத் தகப்பனுக்குக் குரலாக வந்தவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். 1896, 1900, 1908 என மூன்று முறை ஜனநாயகக் கட்சியின் சார்பில் அதிபர் தேர்தலில் நின்று தோற்றவர். வருமான வரி, மேலவை உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது, பெண்களுக்கு வாக்குரிமை ஆகியவற்றுக்காகக் குரல் கொடுத்தவர். உட்ரோ வில்சன் அரசில் வெளியுறவு அமைச்சராக இருந்து, நாடு போரை நோக்கி நகர்கிறது என்று பட்டதும் 1915-இல் பதவியைத் துறந்தவர். இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். அந்தப் பயணத்துக்குப் பின் 1906-இல் பிரிட்டிஷ் ஆட்சியைக் கடுமையாகச் சாடி அவர் எழுதிய கட்டுரையை நம் தேசியவாதிகள் விரும்பிப் படித்தார்கள். பொருளாதாரத்தில் ஏழைகளின் பக்கம், வேதத்தில் பழைய வழியின் பக்கம் என்று நின்ற அவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

அவரைப் பரிணாமத்துக்கு எதிராகத் திருப்பியது முதல் உலகப்போர். விலங்கியலாளர் வெர்னன் கெல்லாக் பெல்ஜியத்தில் பசிநிவாரணப் பணியில் இருந்தபோது ஜெர்மானிய இராணுவத் தலைமையகத்தில் அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசியவர். வலியவன் வாழ்வான், மெலியவன் அழிவான், போர்தான் அதற்குத் தராசு என்று அவர்கள் அறிவியலின் பெயரால் வாதிட்டதை 1917-இல் நூலாக எழுதினார். இத்தனைக்கும் கெல்லாக் பரிணாமத்தை முழுமையாக ஏற்றவர். அதைப் படித்த பிரையன் அதிர்ந்துபோனார். 1916-இல் உளவியலாளர் ஜேம்ஸ் லூபா வெளியிட்ட ஆய்வும் அவர் கைக்கு வந்தது. அறிவியலாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிரார்த்தனைக்குச் செவிசாய்க்கும் கடவுளை நம்பவில்லை என்றும், கல்லூரியில் மேல்வகுப்புக்குப் போகப் போக மாணவர் நம்பிக்கை குறைகிறது என்றும் அது காட்டியது. 1921 முதல் பிரையன் ஊர் ஊராகப் பேசத் தொடங்கினார். மக்கள் சம்பளம் கொடுக்கும் ஆசிரியர், மக்கள் விரும்பாததைக் கற்பிக்க உரிமை கோர முடியாது என்பது அவர் வாதத்தின் அச்சாணி. தண்டனைப் பிரிவை மட்டும் அவர் விரும்பவில்லை. டென்னஸிச் சட்டத்திலும் அது வேண்டாம் என்றே யோசனை சொல்லியிருந்தார்.

எதிரணியில் பெரும்புள்ளி ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்போர்ன், நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தலைவர். நெப்ராஸ்காவில் கிடைத்த ஒரு கடைவாய்ப்பல் 1922-இல் அவரிடம் வந்தது. மனிதக் குரங்கினத்தின் பல் என்று முடிவுகட்டி, லத்தீனில் பெயரும் சூட்டினார். பிரையன் நெப்ராஸ்காக்காரர். அவர் மண்ணே அவருக்குப் பதில் சொல்லிவிட்டது என்று ஆஸ்போர்ன் எழுதவும் செய்தார். மேலும் தோண்டிப் பார்த்தபோது அந்தப் பல் காட்டுப்பன்றியைப் போன்ற பெக்கரி என்ற விலங்கினுடையது என்று தெரிந்தது; 1927-இல் மறுப்பு வெளியானது. தவற்றைக் கண்டுபிடித்துத் திருத்தியதும் அறிவியலாளர்களே, அது அவர்களின் நேர்மை. ஆனால் இதே ஆஸ்போர்னின் அருங்காட்சியகத்தில்தான் 1921-இல் இரண்டாவது அனைத்துலக யூஜெனிக்ஸ் மாநாடு நடந்தது. நல்ல குலத்தாரைப் பெருக்கி, ‘தகுதியற்றவர்’ பிள்ளை பெறாமல் தடுக்க வேண்டும் என்ற அந்த இயக்கத்தை அன்று பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் அறிவியல் என்றே ஏற்றிருந்தன.

இங்கேதான் ஹண்டரின் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். விலங்குலகத்தை வட்டங்களாகக் காட்டும் படம் ஒன்று அதில் இருக்கிறது. ஒவ்வோர் இனத்துக்கும் எத்தனை வகையோ அந்த அளவில் வட்டம். பூச்சிகளுக்கு 3,60,000 என்று பெரிய வட்டம். பாலூட்டிகளுக்கு 3,500 என்று சின்ன வட்டம். மனிதன் அந்தச் சின்ன வட்டத்துக்குள் பெயர்கூட இல்லாமல் அடங்கிவிடுகிறான். இன்னும் சில பக்கங்கள் தள்ளினால் மனித இனங்கள் ஐந்து என்றும், அவற்றில் வெள்ளையரே உச்சம் என்றும் வருகிறது. அதற்கும் அப்பால், குற்றமும் மனவளர்ச்சிக் குறைவும் தலைமுறையாகத் தொடர்வதாகச் சில குடும்பங்களின் கதை. அவர்களை ஒட்டுண்ணிகளாக விவரித்து, விலங்காக இருந்தால் கொன்றிருப்போம், மனிதராக இருப்பதால் ஆண், பெண்ணைத் தனித்தனியே அடைத்துவைத்துப் பெருகவிடாமல் செய்யலாம் என்ற பொருளில் பாடம் போகிறது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் படிப்பதற்கென்று எழுதப்பட்ட பக்கங்கள் இவை. இதையும் பரிணாமத்தையும் ஒரே அட்டைக்குள் கட்டி, இரண்டுக்கும் அறிவியல் என்ற ஒரே முத்திரையைக் குத்திக் கொடுத்தார்கள். வீட்டில் பைபிள் ஒன்றையே வைத்திருந்த விவசாயி எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பான்?

வழக்கு ஜூலை 10-ஆம் தேதி தொடங்கியது. அரசுத் தரப்பில் டாம் ஸ்டூவர்ட், அவருக்குத் துணையாக 65 வயது பிரையன். ஸ்கோப்ஸுக்காகக் கிளாரன்ஸ் டாரோ, டட்லி ஃபீல்டு மலோன், ஆர்தர் கார்ஃபீல்டு ஹேஸ். நீதிபதி ஜான் ரால்ஸ்டன். சிகாகோவின் டபிள்யூஜிஎன் வானொலி விசாரணையை நேரடியாக ஒலிபரப்பியது. தெருவில் எலுமிச்சைச் சாறும் மதப் புத்தகங்களும் விற்றார்கள். பழக்கப்படுத்திய சிம்பன்சியைக் கொண்டுவந்து காட்டினார்கள். பத்திரிகைகள் இந்தக் கூத்தைத்தான் அதிகம் எழுதின.

சாட்சி சொன்ன மாணவன் ஒருவனிடம், ஸ்கோப்ஸ் நடத்திய பாடத்தால் உனக்கு ஏதாவது கெடுதல் வந்ததா என்று டாரோ கேட்டார். இல்லை என்றான் அவன். பிரையன் தன் முறை வந்தபோது ஹண்டரின் வட்டப் படத்தைக் கையில் பிடித்து, மனிதனை விலங்குகளோடு ஒரே வட்டத்துக்குள் அடைத்துவிட்டார்கள் என்று முழங்கினார். சபை ஆரவாரித்தது. அதே புத்தகத்தில் மனிதர்களை அடைத்துவைக்கச் சொன்ன பக்கங்களை அன்று அவர் திறக்கவில்லை. எதிர்த்தரப்பும் திறக்கவில்லை. இந்த வழக்கில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இதுதான். அவர் அஞ்சியதற்குச் சான்று அவர் கையிலேயே இருந்தது.

அறிவியலாளர்களின் சாட்சியம் தேவையில்லை என்று நீதிபதி ஒதுக்கினார். மேனார்டு மெட்காஃப் என்ற விலங்கியலாளர் மட்டும் ஜூரிகள் இல்லாத வேளையில் பேச முடிந்தது. அவர் தன் ஊர்த் தேவாலயத்தில் பைபிள் வகுப்பு எடுத்தவர். பரிணாமமும் பைபிளும் ஒரே மனத்தில் குடியிருக்க முடியும் என்பதற்கு உயிருள்ள சான்று, ஜூரிகளின் காதுக்குப் போகவில்லை.

ஜூலை 20-ஆம் தேதி விசாரணை வெளியே புல்வெளிக்கு மாறியது. பைபிள் அறிந்தவர் என்ற முறையில் பிரையனையே டாரோ கூண்டில் ஏற்றினார். யோனாவை விழுங்கிய மீன், யோசுவாவுக்காக நின்ற சூரியன், படைப்புக்குப் பேராயர் அஷர் கணக்கிட்ட கி.மு. 4004 என்று கேள்விகள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பாய்ந்தன. படைப்பின் ஆறு நாட்கள் இருபத்துநான்கு மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று பிரையன் சொன்னதை, அவர் தோற்று ஒப்புக்கொண்டதாக எழுதினார்கள். அது சரியில்லை. அந்தக் காலத்து மரபுவாதக் கிறிஸ்தவர்களில் பலருடைய கருத்தே அது. பூமிக்குச் சில ஆயிரம் ஆண்டுகளே வயது என்ற பிடிவாதம் அவர்களிடையே பரவலாக வேரூன்றியது, 1961-இல் விட்கோம், மாரிஸ் இருவரும் எழுதிய ‘தி ஜெனிசிஸ் ஃபிளட்’ வெளிவந்த பிறகுதான்.

மரபுவாதிகள் எல்லாரும் டேட்டனில் பிரையனோடு நின்றார்களா என்றால், இல்லை. பிரின்ஸ்டனின் இறையியல் பேராசிரியர் கிரெஷம் மேச்சன் அன்று அந்தப் பக்கத்தின் கூர்மையான மூளை. சாட்சி சொல்ல வருமாறு பிரையன் அழைத்தார், மேச்சன் மறுத்துவிட்டார். அரசுப் பள்ளியின் வாயால் தன் மதத்தைப் பேசவைக்க அவருக்கு விருப்பமில்லை. 1926-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சென்று, மத்திய அரசில் கல்வித்துறையே வேண்டாம் என்று வாதிட்டார். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அச்சில் வார்க்கும் அரசுதான் அவர் கண்ட அபாயம். டேட்டன் வழக்குக்கு முன், 1925 ஜூன் 1-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் ஆரிகன் மாநிலத்தின் ஒரு சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்திருந்தது. பிள்ளைகள் பொதுப்பள்ளிக்கு மட்டுமே போக வேண்டும் என்ற அந்தச் சட்டத்துக்குக் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆதரவு; வழக்காடியவர்களில் கத்தோலிக்கக் கன்னியரும் உண்டு. பிள்ளை அரசின் சொத்தல்ல, வளர்ப்பவர்களுக்கு உரிமையும் கடமையும் உண்டு என்றது தீர்ப்பு. பிரையன் சட்டசபையின் வாக்கை நம்பினார். மேச்சனும் அந்தக் கன்னியரும் அரசின் கை எட்டாத இடம் ஒன்று வேண்டும் என்றார்கள். இரண்டாவது வழிதான் நின்று நிலைக்கக்கூடியது என்பது என் உறுதியான எண்ணம். பெரும்பான்மை வாக்கால் உயிரியல் உண்மையைத் தீர்மானிக்க முடியாது. வாக்கு மாறினால் நாளை அதே ஆயுதம் வேதத்தின் மேலும் பாயும்.

பிரையனின் மனச்சாட்சி எல்லா இடத்திலும் விழித்திருந்தது என்றும் சொல்வதற்கில்லை. 1924 கட்சி மாநாட்டில் க்ளானைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் தீர்மானம் வந்தபோது, கட்சி உடைந்துவிடும் என்று அதை எதிர்த்துப் பேசினார். மெலியவருக்காக வாழ்நாள் முழுவதும் பேசியவர், கறுப்பின மக்களின் விஷயத்தில் வாய் திறக்கத் தவறினார்.

பிரையன் கூண்டேறிய மறுநாள் நீதிபதி அவருடைய சாட்சியத்தைப் பதிவிலிருந்து நீக்கினார். குற்றவாளி என்றே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று டாரோ ஜூரிகளைக் கேட்டுக்கொண்டார். மேல்முறையீட்டுக்குப் போவது அவர் நோக்கம். பிரையன் தயாரித்து வைத்திருந்த இறுதியுரையும் அதனால் அரங்கேறாமல் போனது. ஒன்பது நிமிடத்தில் ஜூரிகள் திரும்பினார்கள். நீதிபதி 100 டாலர் அபராதம் போட்டார். ஐந்து நாள் கழித்து, ஜூலை 26 ஞாயிற்றுக்கிழமை, டேட்டனிலேயே தூக்கத்தில் பிரையன் இறந்தார்.

பேசப்படாத அந்த உரை பின்னர் அச்சில் வந்தது. தடுப்பூசியும் காப்பகங்களும் மெலியவரைப் பிழைக்கவைக்கின்றன என்று டார்வின் ‘மனிதனின் தோற்றம்’ நூலில் எழுதிய பகுதியை எடுத்துவைத்துப் பிரையன் அதில் வாதாடுகிறார். தம்மை அறிவாளிகள் என்று தாமே நியமித்துக்கொண்ட சிலர், மற்ற மக்களின் திருமணத்தையும் பிள்ளைப்பேற்றையும் நடத்தும் காலம் வரும் என்று எச்சரிக்கிறார். டார்வின் அதே இடத்தில், மெலியவரைக் கைவிட்டால் நம் இயல்பின் உயர்ந்த பகுதியே சீரழியும் என்றும் எழுதியிருக்கிறார்; பிரையன் அதற்கு உரிய இடம் கொடுக்கவில்லை. எச்சரிக்கை மட்டும் பலித்தது. டாரோவும் யூஜெனிக்ஸை வெறுத்தவர். 1926-இல் அதைத் தாக்கிக் கட்டுரையே எழுதினார். புல்வெளியில் எதிரெதிரே நின்ற இரண்டு கிழவர்களும் அந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் இருந்தார்கள்.

1927 ஜனவரியில் டென்னஸி உச்ச நீதிமன்றம், அரசிடம் சம்பளம் வாங்குபவர் அரசின் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர் என்று சொல்லிச் சட்டத்தை உறுதிசெய்தது. ஆனால் 50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை ஜூரிகள்தான் விதிக்க வேண்டும் என்ற காரணத்தைக் காட்டித் தண்டனையை ரத்து செய்தது. மத்திய உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்துச்செல்ல வழக்கே இல்லாமல் போனது. மிசிசிப்பி 1926-இலும் ஆர்கன்சா 1928-இலும் இதே போன்ற தடையைக் கொண்டுவந்தன. பட்லர் சட்டம் 1967-இல்தான் நீக்கப்பட்டது. மறு ஆண்டு ஆர்கன்சா சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

டென்னஸித் தீர்ப்பு வந்த அதே 1927-இன் மே 2-ஆம் தேதி, இன்னொரு தீர்ப்பு வாஷிங்டனில் வெளியானது. வர்ஜீனியாவில் காப்பகத்தில் இருந்த கேரி பக் என்ற இளம்பெண்ணுக்கு அவள் விருப்பம் கேட்காமல் கருத்தடை அறுவை செய்யலாமா என்பது கேள்வி. செய்யலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் சொன்னார்கள். கட்டாயத் தடுப்பூசியை அனுமதித்த பழைய தீர்ப்பையே நீதிபதி ஹோம்ஸ் ஆதாரமாகக் காட்டினார். அடுத்த பல பத்தாண்டுகளில் அமெரிக்காவில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி அறுவைக்கு ஆளானார்கள். லூசியானாவில் கத்தோலிக்கத் திருச்சபை நின்று தடுத்ததால் அங்கே அத்தகைய சட்டம் நிறைவேறவில்லை.

ஒன்பதாவது நீதிபதி மட்டும் உடன்படவில்லை. அவர் பியர்ஸ் பட்லர், கத்தோலிக்கர், அந்த நீதிமன்றத்தின் உறுதியான மரபுவாதிகளில் ஒருவர். டென்னஸி பட்லரோடு பெயரளவில்தான் தொடர்பு. தன் மறுப்புக்கு அவர் ஒரு வரிகூடக் காரணம் எழுதவில்லை. வர்ஜீனியாவுக்கு அடுத்த இதழில் போவோம்.

(தொடரும்)